இடக்கை வில்லின் மேல் ஒரு பொட்டு

பழைய வில்லைக் கையில் எடுக்கிறவர்கள் செய்யும் முதல் காரியம், நாணை இழுத்து விட்டுப் பார்ப்பது. அதைத்தான் செய்யக்கூடாது. அம்பில்லாமல் நாணை விட்டால், அம்போடு போயிருக்க வேண்டிய விசை வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்கும். நல்ல வில்லே அதில் விரிசல் விடும். அதனால் அந்த வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்து ஸ்டோர் வாசலில் நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“டீச்சர், விட்டுடாதீங்க! மெதுவா கொண்டு வாங்க. மெதுவா...”

விளையாட்டு டீச்சர் காது வரை இழுத்திருந்த நாணை, தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பது போலத் திரும்பக் கொண்டுவந்தார்.

“சும்மா லா, இழுத்துப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு.”

“இதுக்கு முன்னால எத்தனைய இழுத்தீங்க?”

“ஒன்னே ஒன்னு. அத விட்டும் பாத்தேன். டங்குன்னு சத்தம் வந்துச்சு. ஏன், தப்பா?”

“அதத் தனியா வைங்க, டீச்சர்.”

அந்தத் தமிழ்ப்பள்ளி, ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். நான் படித்த பள்ளி அல்ல. அம்மா கூட்டித் துடைக்கும் பள்ளி. மூடிவிட்ட ஒரு வில்வித்தை மன்றம் தன்னிடமிருந்த, நுனி வெளிப்பக்கம் வளைந்த ஒன்பது ரிக்கர்வ் வில்களை முந்தைய வருடம் அங்கே கொடுத்திருந்தது. தகரக் கூரை போட்ட ஸ்டோரில், பந்துக் கூடைக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் அவை அப்படியே கிடந்தன. பள்ளிகளுக்கு இடையிலான போட்டி ஒன்று வருகிறது என்று தெரிந்ததும் டீச்சருக்கு ஆசை பிறந்தது. ஆறு பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். பெற்றோர் சங்கத் தலைவர்தான் ஒரு முட்டுக்கட்டை போட்டார்: விஷயம் தெரிந்த ஒருவர் வில்களைப் பார்த்து, பாதுகாப்பானவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சனிக்கிழமை காலை முதல் பயிற்சி. அன்றைக்கே பெயர்ப் பட்டியலும் போக வேண்டும்.

“எம்மவ இருக்காளே,” என்று அம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னதில் தவறில்லை. பாலிடெக்னிக்கில் படித்த காலம் முழுவதும் நான் வில் பிடித்தவள். பயிற்றுநர் சான்றிதழும் வைத்திருக்கிறேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய விரிசல்களைத் தேடுவதுதான் எனக்குச் சம்பளம். நான் சரி என்றால் சாமான் பெட்டிக்குள் போகும், இல்லை என்றால் நொறுக்கப் போகும். இடையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அப்பா மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்கிறார். அவர் கையெழுத்து என்பது ஒரு எழுத்தும் அதற்குப் பின்னால் இழுத்த கோடும். அம்மாவுக்கு அதுவும் கிடையாது, கட்டை விரல்தான். ஒரு பள்ளிக்கூடம் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்றபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்கப் போவதில்லை.

ஒன்பது வில்களையும் வெளியே கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்தேன். எல்லாம் ஒரே ரகம். நடுவில் மரக் கைப்பிடி. அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு பட்டை, திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். மரமும் கண்ணாடி நாரும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த அந்தப் பட்டைகள்தான் வளைந்து நிமிர்ந்து அம்பைத் தள்ளுகின்றன. வில் உடைந்தால் பெரும்பாலும் உடைவது அவைதான். உடையும்போது அது முகத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும்.

ஒவ்வொரு பட்டையிலும் நடுவாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். சரஸ்வதி பூசையன்று அம்மா வைத்தது. மாதங்கள் ஆகிவிட்டதால் காய்ந்து வெடித்துப் போயிருந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய நாண்களை எல்லாம் முதலில் வெட்டிப் போட்டேன். புது நாண்களைக் கையோடு வாங்கிப் போயிருந்தேன், பழையதைச் சோதிக்க வேண்டியதே இல்லை. பட்டைகளின் ஓரத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டு பிரிந்திருந்தால் அங்கே வெள்ளையாகப் பூத்துத் தெரியும். பஞ்சை எடுத்து ஓரம் நெடுகத் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு பஞ்சில் மாட்டும். பிறகு நகம்: எங்காவது குறுக்காகத் தடுக்கினால் அந்தப் பட்டை அவ்வளவுதான். மேல் பூச்சில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகளைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. குறுக்குக் கோட்டுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

பஞ்சும் நகமும் பொட்டு வந்த இடத்தில் எல்லாம் தூக்கித் தாண்டிப் போயின. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அப்பாவின் மோட்டார் விளக்கில் வைத்த பொட்டை மழைதான் அழிக்கும், நாங்கள் அழிப்பதில்லை. ஃபேக்டரியில் ஒரு தூசி இருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். இங்கே என் கை தானாகவே விலகிக்கொண்டது.

மூன்று வில்களை ஒதுக்கினேன். டீச்சர் டங்கென்று விட்டதில் நுனி பிளந்திருந்தது. இன்னொன்றின் பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதின் கைப்பிடி மரத்தில், திருகாணித் துளையிலிருந்து ஒரு பிளவு. மீதி ஆறுக்கும் புதிய நாண் பூட்டி, ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, மறுபடியும் பார்த்தேன். கால், அரை, முழுசு என்று மெல்ல இழுத்தேன். சத்தம் இல்லை. ஆறு பிள்ளைகளுக்கு ஆறு வில்.

அந்த ஆறில் ஒன்று இடக்கை வில். அந்த ஒன்று மட்டும்தான். பிள்ளைகளில் ஒருத்தி இடக்கைக்காரி, பன்னிரண்டு வயது, பேச்சு குறைவு. பந்து எறிவதில் எல்லாரையும் தோற்கடித்த பிறகுதான் டீச்சர் கண்ணில் பட்டாள். இடக்கைக்காரர்கள் வில்லை வலக்கையில் பிடித்து இடக்கையால் இழுப்பார்கள், அவர்களுக்குக் கைப்பிடியை மறுபக்கம் செதுக்கியிருப்பார்கள். மற்ற வில் அவளுக்கு ஆகாது. நான் சோதித்துக்கொண்டிருந்தபோது பள்ளி விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் ஓரமாக நின்றிருந்தாள்.

“அக்கா, அது பாஸா?”

“பாஸ்.”

அப்படியே திரும்பி ஓடினாள்.

கடிதத்தை டீச்சரின் கணினியில் தட்டி, அச்செடுத்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதைத் தன் போனில் படம் எடுத்தார். அதை வாசலில் இருக்கும் காவலாளியிடம் போய்க் காட்டினார்.

“என்னா எழுதியிருக்குக்கா?” என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

“அது என்னாமோ. கீழ பாருங்க, எம்மவ கையெழுத்து.”

அன்று சாயங்காலம் வீட்டில் மீன் குழம்பு. அம்மா பரிமாறிக்கொண்டே கேட்டார்.

“அந்த எடக்கைப் புள்ளைக்கும் வில்லு கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சும்மா.”

“நல்லவேள. அதுல இருந்த கீறல நான் மறைச்சு வச்சேன். இல்லன்னா நீ அதையும் தூக்கிக் கடாசியிருப்ப.”

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

“என்னா கீறல்?”

“சின்னக் கீறல் லா. பூசைக்குத் தொடைக்கிறப்ப பாத்தேன். சாமிகிட்ட வைக்கிற சாமான் அசிங்கமா இருக்கேன்னு அது மேலயே சந்தனத்தக் கொஞ்சம் பெருசா வச்சிட்டேன்.”

“நீளவாக்குலயா, குறுக்கவா?”

“அதெல்லாம் யாரு பாத்தா?” ஆனால் அவர் கரண்டியைத் தூக்கி, காம்பின் மேல் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். குறுக்கே.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நீ பாக்கலியா?”

“பொட்டு இருந்துச்சுப்பா.”

அந்தப் பதிலைச் சொன்னபோதே எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஃபேக்டரியில் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். உடனே டீச்சருக்குப் போன் போட்டேன்.

“டீச்சர், நாளைக்கு நான் வர்ற வரைக்கும் யாரும் வில்லத் தொடக்கூடாது. அந்த லெட்டர் எங்க?”

“அது அப்பவே தலைவர் கையில கொடுத்தாச்சு. ஏன்மா?”

“எடக்கை வில்லுல ஒரு சந்தேகம்.”

“அவ பேர மொதப் பேரா எழுதியிருக்கேன்,” என்றார் டீச்சர். “அவ அம்மா லீவு போட்டுட்டு வராங்க. சின்னக் கீறல்னா பரவால்லியா? போட்டிக்கு இன்னும் மூனு வாரந்தான.”

“டீச்சர், அது மொகத்துகிட்ட ஒடையும்.”

“சரி, சரி. பாத்துட்டுச் சொல்லு.”

சனிக்கிழமை ஏழு மணிக்கே அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்டோர் சாவி அவரிடம்தான் இருக்கும். வழி நெடுக என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

இடக்கை வில்லை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். மேல் பட்டையில் இருந்த பொட்டு மற்றவற்றைவிட உண்மையிலேயே பெரிது. இப்போது பார்த்தால், காய்ந்த சந்தனத்தில் கோணல் மாணலாக ஓடிய வெடிப்புகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக ஓடியது. நேற்றும் அது அங்கேதான் இருந்திருக்கும். கைக்குட்டையை நனைத்தேன். ஆனாலும் கை போகவில்லை.

“கொடு,” என்று அம்மா வாங்கிக்கொண்டார். பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பாத்திரத்தில் அடிப்பிடித்ததைத் தேய்ப்பது போல இரண்டே இழுப்பில் துடைத்துவிட்டார்.

கோடு ஓரத்திலிருந்து நடுவரை வந்திருந்தது. நகத்தை ஓட்டினேன், தடுக்கியது. அம்மாவும் தன் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

“கீறல்தான?”

“கிட்ட வந்து கேளுங்க.” பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக வளைத்தேன். டிக் என்றது. கோடு வாய் திறந்து மூடியது. நேற்று நான் முழுசாக இழுத்ததிலேயே அது இன்னும் பெரிதாகியிருக்க வேண்டும்.

அம்மா அங்கே கிடந்த ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நான் அதப் பூச்சு போயிருக்குன்னுல்ல நெனச்சேன்.”

“பாக்க வேண்டியது நான்தாம்மா. நீங்க அதக் கண்டு பிடிச்சீங்க. நான் கண்டு பிடிக்கல.”

சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை. மீதி வில்களின் பொட்டுகளை எல்லாம் துடைத்து, பஞ்சையும் நகத்தையும் முதலிலிருந்து ஓட்டினேன். அம்மா துடைத்துத் துடைத்து நீட்டினார். மற்ற ஐந்தும் சுத்தம். அப்படியென்றால் ஐந்து வில், ஆறு பிள்ளைகள். வில் இல்லாதவள் இடக்கைக்காரி.

எட்டு மணிக்கு டீச்சர் வந்தார். அவருக்குப் பின்னால் சங்கத் தலைவரும், சட்டைப் பையில் என் கடிதத்தோடு. கொஞ்சம் தள்ளி அந்தப் பிள்ளை தன் அம்மாவோடு வந்தாள். நான் பட்டையைத் தலைவர் காதருகே வளைத்துக் காட்டினேன்.

“நேத்து பாதுகாப்புன்னு எழுதினீங்க,” என்றார் தலைவர். அவருக்கு மார்க்கெட் பக்கம் டயர் கடை. சத்தமாகத்தான் பேசுவார். “இன்னைக்கு இல்லங்கிறீங்க. அப்ப எந்தக் கையெழுத்த நாங்க நம்புறது?”

“இன்னைக்குப் போடப் போறத நம்புங்க அண்ணே. நேத்து பொட்டத் துடைக்காம பாத்துட்டேன். தப்பு என்னுது. அந்த லெட்டரக் கொடுங்க.”

அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். “பொட்டு வச்ச டயர நானே தொடைக்க மாட்டேன்,” என்று முனகிக்கொண்டு கடிதத்தை நீட்டினார். நான் அதை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இடக்கைப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலணி நுனியால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். “நான் சோத்துக் கையாலயே அடிக்கிறேன் டீச்சர்,” என்றாள். அவளுடைய அம்மா, “அதெல்லாம் வேணாம், வீட்டுக்குப் போலாம்,” என்று கையைப் பிடித்தார்.

எனக்கு அப்போதுதான் ஒதுக்கிய மூன்று வில்களின் பக்கம் கண் போனது. நேற்று நான் வில்லை முழுசாகத்தான் ஒதுக்கினேன். ஃபேக்டரிப் பழக்கம், அங்கே ஒரு மூலையில் பிழை என்றாலும் முழு மின்சுற்றுப் பலகையும் போகும். ஆனால் மூன்றாவது வில்லில் கெட்டது கைப்பிடி மட்டும்தான். கைப்பிடிக்குத்தான் இடம் வலம் உண்டு, பட்டைக்குக் கிடையாது.

“ஒரு ரெண்டு நிமிஷம் இருங்கக்கா,” என்றேன் அந்த அம்மாவிடம்.

இரண்டு நிமிடத்தில் ஆகவில்லை. அந்தப் பட்டைகளின் பொட்டையும் துடைத்து, ஓரம், பஞ்சு, நகம் எல்லாம் முடித்து, திருகாணியைக் கழற்றி, இடக்கைக் கைப்பிடியில் பொருத்தினேன். துளைகள் பிசகில்லாமல் உட்கார்ந்தன. பட்டையில் எழுதியிருந்த இழுப்பு விசையைப் பார்த்தேன்: இருபது பவுண்டு. விரிசல் விட்ட ஜோடி பதினாறு. பிள்ளைக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். நாண் பூட்டி, வில்லைத் தூரப் பிடித்து, நாண் இரண்டு பட்டைக்கும் நட்டநடுவில் விழுகிறதா என்று பார்த்தேன். விழுந்தது.

“பாஸா?” என்றாள் அவள், பக்கத்தில் வந்து.

“இன்னும் இல்ல. ஒரு மணி நேரம் இப்படியே இருக்கணும். அதுக்கப்புறம் நான் முப்பது அம்பு அடிக்கணும். அதுக்கப்புறம் சொல்றேன்.”

மற்ற ஐந்து பிள்ளைகளும் ஐந்து வில்களோடு பயிற்சி தொடங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லாரையும் எனக்கு வெகு பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கோட்டில் போய் நின்றேன். ஒன்றை மறந்திருந்தேன். அது இடக்கை வில். நான் வலக்கைக்காரி. முதல் அம்பு இலக்குப் பலகையைத் தாண்டி வேலிப் பக்கம் போனது. இரண்டாவது பலகையின் காலில். மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

“இவங்கதான் கோச்சா?” என்றார் தலைவர்.

“காக்காயக் குறி வச்சிருப்பாங்க லா,” என்றார் டீச்சர்.

பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நான் குறியைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு அம்புக்கும் பிறகு பட்டையை நகத்தால் தடவினேன். பத்து. இருபது. முப்பது. டிக் இல்லை, கோடு இல்லை. பதினோரு அம்பு பலகையில் இருந்தது. என் வாழ்க்கையிலேயே மோசமான கணக்கு அது. அன்றைக்கு எனக்கு அது போதும்.

வில்லைப் பிள்ளையிடம் நீட்டினேன். “பாஸ்.”

அவள் இழுத்தாள். பாதியில் தோள் நடுங்கியது. “கனமா இருக்குக்கா.”

“இருக்கும். ரெண்டு வாரம் ரப்பர் பட்டைய இழுத்துப் பழகு. பட்டியல்ல உம்பேரு இருக்கு.”

அவள் அம்மா பின்னால் நின்று முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை இரண்டாம் முறை முழுசாக இழுத்தாள். அம்பு பலகையின் வெள்ளை ஓரத்தில் போய்க் குத்தியது. யாரும் கை தட்டவில்லை. அவளே திரும்பிப் பார்த்து, “அக்கா, உங்க அம்ப விட நல்லாதான் போச்சு,” என்றாள்.

உடைந்த பட்டையை அப்படியே விட முடியாது. யாராவது எடுத்துப் பூட்டிவிடுவார்கள். தோட்ட வேலைக்கு வைத்திருந்த ரம்பத்தை எடுத்தேன். அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

“பூசையில வச்ச சாமான அறுக்கலாமா?”

“அறுக்கலன்னா இன்னொரு புள்ள இழுக்கும்.”

“அப்ப அறு,” என்றார், இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

மதியம் புதுக் கடிதம் எழுதினேன். முந்தையதைவிட நீளம். எந்த வில்லில் எந்தப் பட்டை, யார் எப்போது பார்க்க வேண்டும், அம்பில்லாமல் இழுத்து விடக்கூடாது, எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: பட்டைகளின் மேல் எதையும் பூசவோ ஒட்டவோ கூடாது. அதன் கீழே கையெழுத்து. அம்மா இந்த முறையும் போனைத் தூக்கினார். ஆனால் படம் எடுப்பதற்கு முன்னால் கேட்டார்.

“என்னா எழுதியிருக்க? படி.”

முழுவதையும் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“அப்ப பூசைக்கு எங்கதான் பொட்டு வைக்கிறது?”

யோசித்தேன். “கைப்பிடியில வைங்கம்மா. உள்பக்கம். நான் பாத்ததுக்கு அப்புறம்.”

அடுத்த சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் நான் ஏழு வில்களையும் பார்த்து முடித்தேன். ஏழாவது, தலைவர் எங்கோ தேடி வாங்கிவந்த ஒன்று. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் காத்திருந்து, நான் தலையசைத்த பிறகே உள்ளே வந்தார். அதற்கடுத்த பயிற்சியில் வில் பிடித்த பிள்ளைகளின் இடது உள்ளங்கையில் மஞ்சளும் சிவப்பும் ஒட்டியிருந்தன. இடக்கைக்காரிக்கு மட்டும் அது வலது கையில்.